ஏட்டில் ஏறிய அநீதியும் ஏறாத அநீதியும்

குற்றவாளி என்று தீர்க்கப்பட்ட ஒருவன் மேல்நீதிமன்றத்தை நாடும்போது அவன் எடுத்துரைக்கும் வாதங்கள் எத்தனை விதமாக இருந்தாலும், அவற்றை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ‘நான் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை, சாட்சியத்தைக் கீழ்க்கோர்ட்டு தவறாக மதிப்பிட்டுவிட்டது’ என்பது முதல் வகை. ‘நான் செய்தேனா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும், அதைத் தீர்மானிக்க நடந்தது விசாரணை என்ற பெயருக்கே தகுதியற்றது’ என்பது இரண்டாம் வகை. முதல் வாதம் எவருக்கும் எளிதில் விளங்கும். இரண்டாம் வாதத்தைக் கேட்டால் மட்டும் பொதுஜனங்களில் பலருக்கு எரிச்சல் மூளுகிறது; செய்த பாவத்தை மறுக்க வழியில்லாதவன் சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்து தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான் என்ற எண்ணம் படித்தவர்களிடத்திலும் இருக்கிறது.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய ஹைதராபாத்தைப் போலப் பொருத்தமான களம் இந்தியாவில் வேறொன்று இல்லை. 1949-க்கும் 1953-க்கும் இடைப்பட்ட சொற்ப காலத்தில், ஜன்மப் பகையால் பிளவுண்ட இரு பக்கங்களைச் சேர்ந்த மூன்று தரத்தார் — ஜமீன் கொடுமையை எதிர்த்து ஆயுதம் எடுத்த தெலங்கானாக் குடியானவர்கள், நிஜாம் சர்க்காரின் உயர்தர வருவாய் அதிகாரி ஒருவர், நிஜாம் தரப்பில் நின்ற ரஜாக்கர் படையின் தலைவர் — ஒரே விதமான விசேஷக் கோர்ட்டுகளில் தண்டிக்கப்பட்டு, ஒரே உச்ச நீதிமன்றத்தின் முன் ஏறத்தாழ ஒரே முறையீட்டோடு வந்து நின்றார்கள். அம்மூவருக்கும் கிடைத்த விடைகள் வெவ்வேறானவை. ஏன் வேறாயின என்று தேடிச் செல்பவனுக்கு, நியாயமான விசாரணை என்ற கொள்கையைப் பற்றி மட்டுமன்று, அக்கொள்கை யாருக்குக் கைகொடுத்தது, யாரைக் கைவிட்டது என்பதைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படும்.

பழைய பிரமாணங்கள்

விசாரணைமுறையில் நேர்ந்த பிழைக்காகத் தண்டனையை ரத்து செய்வது குடியரசுக் காலத்தில் முளைத்த வழக்கமன்று. 1901-ல் சென்னை ராஜதானியிலிருந்து லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்ற சுப்பிரமணிய அய்யர் வழக்கில், இரண்டு வருஷகாலத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட 41 செயல்களை ஒரே விசாரணையில் சேர்த்து அவர்மேல் சுமத்தியிருந்தார்கள். ஒரே தன்மையுள்ள குற்றங்கள் மூன்றுக்கு மேற்படாமலும் பன்னிரண்டு மாதத்துக்குள் நடந்தனவாகவும் இருந்தால்தான் அவற்றை ஒன்றாக விசாரிக்கலாம் என்பது சட்டம். சட்டம் வெளிப்படையாகத் தடுத்த ஒரு முறையில் ஒருவனை விசாரித்துவிட்டு, அதை ஏதோ சில்லறை ஒழுங்கீனம் என்று மெழுகிவிட முடியாது எனப் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்துத் தண்டனையை நீக்கிற்று.

இதற்கு எதிர்முனையில் நிற்பது, 1946-ன் இறுதியில் தீர்க்கப்பட்ட புலுகுரி கோட்டய்யா வழக்கு. அதுவும் அந்நாளைய சென்னை ராஜதானிக்குட்பட்ட ஆந்திரப் பகுதியிலிருந்து போனதே. சாட்சிகள் போலீஸ் புலன்விசாரணையில் கூறியவற்றின் நகலை உரிய காலத்தில் எதிர்த்தரப்புக்குக் கொடுக்காதது சட்டமீறல்தான் என்று ஒப்புக்கொண்ட பிரிவி கௌன்சில், அந்த மீறலால் எதிரிகளுக்கு உண்மையில் பாதகம் விளைந்ததா என்ற கேள்வியை எழுப்பி, விளையவில்லை என்று கண்டு, அந்த ஓர் ஆக்ஷேபத்தின் பேரில் தலையிட மறுத்தது. விசாரணையின் அஸ்திவாரத்தையே பெயர்த்துவிடும் பிழை ஒன்று. கட்டடத்தில் கீறல் மட்டும் விழச்செய்யும் பிழை மற்றொன்று. முன்னது நேர்ந்தால் வேறு கேள்வியின்றித் தீர்ப்பு விழும். பின்னது நேர்ந்தால், நீதி தவறிப்போயிற்று என்று காட்டினாலொழிய விழாது.

இந்தப் பாகுபாட்டை 1898-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 537-ஆம் பிரிவு சட்டவாசகமாகவே கூறிற்று. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 465-ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலிலிருக்கும் புதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையிலும் அது தொடர்கிறது. அப்பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பிழையினால் நீதி தவறிற்றா என்று தீர்மானிக்கும்போது, அந்த ஆக்ஷேபத்தை முன்னதாகவே எழுப்பியிருக்க முடியுமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்பதையும் கோர்ட்டு கவனிக்க வேண்டும் என்பதே அது. பார்வைக்கு நியாயமாகவே தோன்றும் இந்த நிபந்தனைதான் எளியவன் இடறி விழும் கல் என்பதை ஹைதராபாத் வழக்குகள் காட்டுகின்றன.

விசேஷக் கோர்ட்டுகள் வந்த விதம்

1948 செப்டம்பரில், ‘போலீஸ் நடவடிக்கை’ என்று பெயரிடப்பட்ட ராணுவப் பிரவேசத்தால் நிஜாமின் சுயேச்சைக் கனவு கலைந்தது. சமஸ்தானத்தின் நிர்வாகம் ராணுவ கவர்னர் ஜே. என். சௌதுரியின் கைக்கு வந்தது. ஒருபுறம் ரஜாக்கர்களும் அவர்களுக்குத் துணைநின்ற உத்தியோகஸ்தர்களும் செய்த அட்டூழியங்களுக்குக் கணக்குக் கேட்க வேண்டியிருந்தது. மறுபுறம் நல்கொண்டா, வாரங்கல் முதலிய ஜில்லாக்களில் தேஷ்முக் என்னும் பெருநிலக்காரர்களின் நிலங்களைக் கைப்பற்றியிருந்த கம்யூனிஸ்டுகளின் போராட்டம் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. இவ்விரண்டுக்கும் சாதாரணக் கோர்ட்டுகள் போதா என்று கருதிய ராணுவ நிர்வாகம், அங்கு வழங்கிய பஸலி ஆண்டுக்கணக்கில் 1358-ஆம் ஆண்டின் 5-ஆவது ரெகுலேஷன் மூலம் விசேஷ டிரிப்யூனல்களை ஏற்படுத்திற்று. பின்னர் பஸலி 1359-ஆம் ஆண்டின் 10-ஆவது ரெகுலேஷன் அவற்றுக்குப் பதிலாக விசேஷ நீதிபதிகளை நியமிக்க வழிசெய்தது.

சாதாரணக் கொலை வழக்கில் மாஜிஸ்திரேட் முதலில் விசாரித்து, முகாந்திரம் இருந்தால் செஷன்ஸுக்கு அனுப்பும் முறை அக்காலத்தில் இருந்தது. எதிரிக்குத் தன்மீதுள்ள சாட்சியத்தை முன்கூட்டி அறிய அது ஒரு வாய்ப்பு. விசேஷக் கோர்ட்டுகளில் அந்தக் கட்டம் இல்லை. சாட்சிகள் சொன்னதை முழுமையாக எழுதிக்கொள்ளாமல் சாராம்சத்தை மட்டும் குறித்துக்கொள்ளவும் ரெகுலேஷன் இடமளித்தது. வழக்கு விரைவாக முடிய வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்ட இந்தச் சுருக்கத்தில், மேல்நீதிமன்றத்துக்குக் கண்ணாக அமையவேண்டிய ஏடே மங்கிவிடக்கூடும் என்ற அபாயம் பதுங்கியிருந்தது.

பன்னிருவர் வழக்கு

அந்த டிரிப்யூனல்கள் 1949 ஆகஸ்டில் தெலங்கானாக் குடியானவர்கள் பலருக்குக் கொலைக் குற்றத்தின்பேரில் மரண தண்டனை விதித்தன. மூசி நதிக்கரையில் 1920-ல் திறக்கப்பட்ட கம்பீரமான மாளிகையில் இயங்கிவந்த ஹைதராபாத் ஹைக்கோர்ட்டு, அதே வருஷம் டிசம்பரில் அவர்களுடைய அப்பீல்களைத் தள்ளிவிட்டது. ‘தெலங்கானாப் பன்னிருவர்’ என்று பின்னர் உலகமறிந்த கைதிகள் இவர்களே. பெரும்பாலும் கிராமத்தார், பேசும் மொழி தெலுங்கு, நிஜாம் ராஜ்யத்தின் கோர்ட்டு மொழியோ உருது. உயிர் போகக்கூடிய வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்ளத் தங்களுக்குத் தக்க சந்தர்ப்பம் அளிக்கப்படவில்லை என்பது அவர்களுடைய தலையாய முறையீடு.

1950 ஜனவரி 26-ஆந் தேதி அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும், புதிதாகத் தோன்றிய சுப்ரீம் கோர்ட்டின் கதவை அவர்கள் தட்டினார்கள். இங்கிலாந்திலிருந்து டி. என். பிரிட் என்னும் புகழ்பெற்ற பாரிஸ்டர் வந்து அவர்களுக்காக வாதாடினார். டானியல் லத்தீபி அவருக்குத் துணை. அந்நாளில் சுப்ரீம் கோர்ட்டுக்கெனத் தனிக் கட்டடம் கிடையாது. சுதேச மன்னர்கள் கூடிப் பேசுவதற்காகப் பார்லிமென்ட் மாளிகையில் கட்டப்பட்ட மண்டபத்திலேயே அது 1958 வரை இயங்கிற்று. மன்னர்களுக்கென்று எழுப்பிய அறையில், மன்னராட்சியின் மிகப் பெரிய சமஸ்தானம் விட்டுச்சென்ற வழக்குகள் தீர்மானமாயின.

முதற்படியாக அவர்கள் கோரியது அப்பீலுக்கு விசேஷ அனுமதி. 1950 டிசம்பரில் அது மறுக்கப்பட்டது. அவர்கள் சொன்ன குறைகளை ஆராய்ந்து, அவை இல்லையென்று கண்டதனாலன்று. ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன 1949 டிசம்பரில் ஹைதராபாத் கோர்ட்டு ‘இந்திய எல்லைக்குட்பட்ட’ கோர்ட்டாக இருக்கவில்லை, ஆகையால் அத்தீர்ப்பின்மேல் அப்பீல் கேட்கும் அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு இல்லை என்பதே காரணம். ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பு சில வாரங்கள் தாமதித்திருந்தால் திறந்திருக்கக்கூடிய வாசல், அது முந்திக்கொண்டதால் மூடிக்கிடந்தது.

இரண்டாவதாக, அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று ஆட்கொணர்வு மனு முதலிய ரிட்டுகளைத் தாக்கல் செய்தார்கள். 1951 மார்ச்சில் நீதிபதி பசல் அலி எழுதிய தீர்ப்பு இந்தியச் சட்ட சரித்திரத்தில் நின்று நினைக்கத்தக்கது. அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்து கறுப்பின இளைஞர்கள் வக்கீல் உதவி சரிவர இல்லாமல் மரண தண்டனை பெற்ற வழக்கையும், 1932-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியதையும் அத்தீர்ப்பு கவனத்தில் கொள்கிறது. ஆனால் இந்தியாவிலும் ஹைதராபாத்திலும் உள்ள சட்டம், எதிரி வக்கீலைக் கொண்டு வாதாடலாம் என்று உரிமை தருகிறதேயொழிய, கேளாதவனுக்கும் கோர்ட்டு வக்கீல் அமர்த்தித் தரவேண்டும் என்று கட்டளையிடவில்லை. எனவே வக்கீல் இல்லாததனால் மட்டும் விசாரணை செல்லாததாகிவிடாது என்று அது முடிவு செய்தது. அதே மூச்சில், சட்ட உதவி இல்லாமையால் எதிரி முடங்கிப்போய் நியாயமான விசாரணையே இல்லாமற் போயிற்று என்று கண்டால், அப்பீல் கோர்ட்டோ ரிவிஷன் கோர்ட்டோ கைகட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்றும் கூறிற்று. ஆனால் நீதிபதிகள் முன்னால் இருந்தது அப்பீல் அன்றே! அதிகாரமுள்ள கோர்ட்டு ஒன்று விதித்த தண்டனையை ரிட் மனுவின் மூலம் கலைக்க இயலாது என்று மனுக்கள் தள்ளுபடியாயின.

ஆக, எந்த வாசல் வழியே பரிகாரம் கிடைக்கும் என்று கோர்ட்டு சுட்டிக்காட்டிற்றோ, அந்த வாசலை மூன்று மாதங்களுக்கு முன் அதே கோர்ட்டு, சட்டம் இடந்தரவில்லையென்று மூடியிருந்தது. பன்னிருவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மையே. தேசத்திலும் வெளிநாடுகளிலும் கிளர்ச்சி எழுந்து, தண்டனை ஆயுட்காலச் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அது சர்க்கார் காட்டிய கருணை. உரிமையென்று கேட்டவர்களுக்குத் தயவு கிடைத்தது. அவர்கள் விசாரிக்கப்பட்ட முறை சரியா தவறா என்பதைப் பற்றி அப்பீல் கோர்ட்டாக அமர்ந்து ஆராய்ந்து சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பும் கூறவில்லை.

ரஜாக்கர் தலைவரின் வழக்கு

காசிம் ரஸ்வியின் வழக்கை விரைவில் கடந்துவிடலாம். பீபிநகர்க் கொள்ளை வழக்கில் விசேஷ டிரிப்யூனலால் தண்டிக்கப்பட்ட அவர், குடியரசு வந்த பிறகும் தம்மைச் சாதாரண முறைக்கு மாறான முறையில் விசாரித்தது, சட்டத்தின் முன் சமத்துவம் என்னும் 14-ஆம் ஷரத்துக்கு விரோதம் என்று வாதித்தார். 1953 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இரண்டுபட்டது. ஜனவரி 26-க்குப் பின் எஞ்சிய நடவடிக்கையில் அவர் அடைந்த பாதுகாப்பு, சாதாரண விசாரணையில் கிடைப்பதினின்றும் சாரத்தில் வேறுபட்டதன்று என்று பெரும்பான்மையோர் கருதினார்கள். சாராம்சக் குறிப்பே போதும் என்று ரெகுலேஷன் சொன்னபோதிலும், டிரிப்யூனல் சாட்சியத்தை விரிவாகவே பதிவு செய்திருந்தது என்ற விஷயம் இங்கே கணக்கில் வந்தது. நீதிபதிகள் விவியன் போஸும் குலாம் ஹசனும் உடன்படவில்லை. ஜனங்களால் மிகவும் வெறுக்கப்பட்ட ஒருவருக்கும் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்று அழுத்திச் சொல்ல இரண்டு நீதிபதிகள் முன்வந்தனர் என்பதை மட்டும் மனத்தில் கொண்டு மேலே செல்லலாம். ரஸ்வி 1957-ல் தண்டனைக் காலம் முடிந்து வெளிவந்து பாகிஸ்தானுக்குப் போனார்.

குர்தூர் வழக்கு

நம்முடைய ஆராய்ச்சிக்கு மையமானது ஹபீப் முகம்மது வழக்கு. ஹபீப் முகம்மது நிஜாம் சர்க்காரில் வாரங்கல் சுபேதாராக இருந்தவர். பல ஜில்லாக்களுக்குத் தலைமையான வருவாய் அதிகாரி. 1947 டிசம்பரில், போலீஸாரும் மற்றவர்களும் புடைசூழ அவர் குர்தூர் என்னும் கிராமத்துக்குச் சென்றார் என்றும், அங்கே தீவைப்பும் துப்பாக்கிப் பிரயோகமும் கொலையும் அவருடைய உத்தரவின்பேரில் நடந்தன என்றும் பிராது. அவர் உத்தியோகத்தில் இருந்தவரை எந்தக் கிராமவாசி வாய்திறந்திருக்க முடியும்? ஆட்சி மாறிய பிறகே விவகாரம் வெளிவந்தது. விசேஷ நீதிபதி 1950-ல் அவருக்கு மரண தண்டனை விதித்தார். ஹைக்கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள்: ஒருவர் தண்டனையை உறுதிசெய்தார், மற்றவர் விடுதலை செய்ய வேண்டும் என்றார். மூன்றாம் நீதிபதி முன்னவரோடு சேர்ந்ததால் தண்டனை நின்றது. இரண்டு நீதிபதிகள் நேர்மாறான முடிவுக்கு வந்த சாட்சியத்தின்மேல் ஒரு மனிதனின் கழுத்துக்குச் சுருக்கு விழ இருந்தது.

இந்த ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பு குடியரசு பிறந்த பிறகு வந்ததாகையால் சுப்ரீம் கோர்ட்டின் வாசல் இவருக்குத் திறந்திருந்தது. 1953 மார்ச்சில், விசேஷ முறை அரசியலமைப்புக்கு விரோதம் என்ற அவருடைய வாதம் தோற்றது. அதன்பின் வழக்கின் உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்ட கோர்ட்டு, அக்டோபர் 5-ஆந் தேதி நீதிபதி மகாஜன் வாயிலாகத் தீர்ப்பளித்தது.

பியாபானி என்னும் உயர்தரப் போலீஸ் அதிகாரி, சம்பவம் நடந்தபோது ஸ்தலத்தில் இருந்தவர். சுபேதார் என்ன உத்தரவிட்டார், யாரிடம் உத்தரவிட்டார், உத்தரவிட்டாரா என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இருக்க முடியாது. அவரைப் பிராசிக்யூஷன் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. கோர்ட்டே அவரை அழைத்து விசாரிக்க வேண்டுமென்று எதிர்த்தரப்பு கேட்டபோது விசாரணை நீதிபதி மறுத்துவிட்டார். இது போக, தம் கட்சியை நிரூபிக்கச் சாட்சிகளை வரவழைக்கும்படி எதிரி செய்துகொண்ட விண்ணப்பத்துக்கும் உரிய இடம் கொடுக்கப்படவில்லை. இவ்வளவும் வழக்கின் கட்டிலே இருந்தன: கேட்டதற்கு மனு, மறுத்ததற்கு உத்தரவு. டில்லியிலே அமர்ந்திருந்த நீதிபதிகள் குர்தூரைக் கண்டதில்லை. அந்த மனுவையும் உத்தரவையும் கண்டார்கள்.

அத்தகைய சாட்சியை நிறுத்திவைத்ததனால், அவர் வந்திருந்தால் சொல்லக்கூடியது பிராசிக்யூஷனுக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று அனுமானிக்க இடமுண்டு. அதற்கும் மேலாக, அந்தச் செயல் விசாரணையின் நேர்மையையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது என்று தீர்ப்பு கூறிற்று. இரண்டாவதாகச் சொன்னதே முக்கியமானது. அனுமானம் என்பது சாட்சியத்தை மதிப்பிடும் விஷயம். நேர்மை என்பது விசாரணையின் உயிர்நிலை. இதற்குக் கோர்ட்டு துணைகொண்ட பிரமாணங்களில் ஒன்று நம் அண்டைத் தீவிலிருந்து வந்தது. மனைவியைக் கொன்றதாக இலங்கையில் தண்டிக்கப்பட்ட ஸ்டீபன் செனவிரத்னவின் அப்பீலை 1936-ல் ஏற்ற பிரிவி கௌன்சில், கண்டவர் கேட்டவர் எல்லோரையும் பிராசிக்யூஷன் அழைத்தே தீரவேண்டும் என்பதில்லை, ஆனால் நடந்த கதை விரிவதற்கு இன்றியமையாத சாட்சிகளை, அவர்கள் வாக்குமூலம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அழைக்கவேண்டியது அதன் கடமை என்று வரையறுத்திருந்தது. கொழும்பில் பிறந்த வழக்கு வாரங்கல் சுபேதாரின் உயிரைக் காத்தது. தண்டனை நீங்கிற்று, மறுவிசாரணைக்கும் அனுப்பாமல் அவரை விடுவித்தார்கள்.

இங்கே குர்தூர் மக்களை மறந்துவிடலாகாது. அவர்களுடைய வீடுகள் எரிந்ததும் உற்றார் மாண்டதும் வெறும் கற்பனை என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லவில்லை. யார் உத்தரவின்பேரில் அது நடந்தது என்பதற்கு நம்பத்தக்க விடை அவர்களுக்குக் கடைசிவரை கிட்டவில்லை. அந்த நஷ்டத்துக்கு மேல்கோர்ட்டைப் பொறுப்பாக்குவது முறையன்று. பியாபானியை அழைத்து, இருதரப்பும் குறுக்கு விசாரணை செய்து, அவர் சொன்னதை எழுதிவைத்திருந்தால், தண்டனையானாலும் விடுதலையானாலும் அது நிலைத்திருக்கும். எதிரிக்குச் செய்த அநியாயம் வாதிக்குச் செய்த உபகாரமாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. இதன் மறுபக்கத்தை 2004-ல் சுப்ரீம் கோர்ட்டே குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் கண்டது: சாட்சிகள் அச்சுறுத்தப்பட்டுப் பிறழ்ந்ததால் எதிரிகள் விடுதலையான அவ்விசாரணையைப் பொய் விசாரணையென்று தள்ளி, வேறு ராஜ்யத்தில் மறுபடி நடத்த உத்தரவிட்டது. நேர்மையான விசாரணைக்கு உரிமையுடையவன் எதிரி மட்டுமல்லன்.

இரு வழக்குகளின் படிப்பினை

இப்போது பன்னிருவரையும் சுபேதாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். அநீதியின் கனத்தை நிறுத்தால், உயிர்வழக்கில் வக்கீலின்றி நின்றதாக முறையிட்டவர்கள் பக்கமே தட்டுத் தாழும். ஒரு சாட்சி அழைக்கப்படாததைவிட, எந்தச் சாட்சியை எப்படிக் கேள்வி கேட்பது என்று அறிந்த ஒருவரும் அருகில் இல்லாதது பெரிய குறை. எனினும் கோர்ட்டின் கையால் பரிகாரம் பெற்றவர் சுபேதார். ஒரு காரணம் தேதி, அதைக் கண்டோம். மற்றொரு காரணம், அவருக்கு நேர்ந்த அநியாயம் எழுத்தில் இருந்தது. வக்கீல் உள்ளவன் மனுப்போடுகிறான். மனுவுக்கு உத்தரவு பிறக்கிறது. உத்தரவு தவறானால் அதுவே அப்பீலுக்கு ஆதாரமாகிறது. வக்கீல் இல்லாதவனோ மறுக்கப்படுவதற்குரிய மனுவைக்கூடப் போடத் தெரியாதவன். அவனுடைய வழக்குக் கட்டைப் புரட்டினால் ஆக்ஷேபம் ஒன்றுமின்றி எல்லாம் சீராக நடந்ததுபோலவே தோன்றும். எவன்மேல் அநீதி முழுமையாக இழைக்கப்பட்டதோ அவனிடத்தில்தான் அதற்குச் சான்று குறைவாக இருக்கிறது. அப்படியிருக்க, ‘முன்னதாகவே ஆக்ஷேபித்திருக்க வேண்டாமா?’ என்று சட்டம் அவனைக் கேட்பது, ஊமையைப் பார்த்து ஏன் கத்தவில்லை என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

1951-ன் தீர்ப்பில் வித்தாக இருந்த கருத்து முளைவிடக் கால்நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1978-ல் ஹோஸ்கோட் வழக்கில், தீர்ப்பின் நகலை இலவசமாகக் கொடுப்பதும் அப்பீலுக்குச் சட்ட உதவி அளிப்பதும் நியாயமான நடைமுறையின் அங்கம் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கூறினார். 1979-ல் ஹுஸைனாரா காதூன் வழக்கு, ஏழை எதிரிக்கு இலவச சட்ட உதவி 21-ஆம் ஷரத்தின் உள்ளடக்கம் என்று நிலைநாட்டிற்று. 1986-ல் அருணாசலப் பிரதேசத்து சுக்தாஸ் வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் ஓரடி முன்னே சென்றார்: எதிரி வக்கீல் கேட்கவில்லை என்பது பதிலாகாது, கேட்கலாம் என்று அவனுக்கு எடுத்துச் சொல்வதே கோர்ட்டின் கடமை, அது தவறியதால் தண்டனை ரத்து. ‘கேளாதவனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை’ என்ற 1951-ன் நிலைப்பாடு இவ்வாறு தலைகீழாயிற்று. பன்னிருவர் எழுப்பிய வாதம், அவர்களுக்கு உதவாமல் 35 வருஷங்கள் கழித்து யாரோ ஒருவருக்கு உதவிற்று.

ஆயினும் வியாதி தீர்ந்துவிடவில்லை. 1997-ல் டில்லியில் நடந்த பஸ் குண்டுவெடிப்பு வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒரு பாகிஸ்தானியருக்கு, பெரும்பாலான சாட்சிகள் விசாரிக்கப்பட்டபோது வக்கீலே இல்லை என்பதை 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டது. விடுதலையா மறுவிசாரணையா என்பதில் இரு நீதிபதிகள் மாறுபட, மூவர் கொண்ட பெஞ்சு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. முறையாக விசாரித்த கோர்ட்டு 2013-ல் அவரை விடுவித்தது. முறையற்ற விசாரணையில் தூக்குக்குரியவனாகத் தோன்றியவன் முறையான விசாரணையில் குற்றமற்றவனாகத் தோன்றினான் என்றால், நடைமுறை என்பது உண்மைக்குச் செல்லும் பாதையே தவிர, உண்மையினின்றும் தப்பியோடும் சந்து அன்று என்பது விளங்கும்.

மூசிக்கரை மாளிகை 2019 ஜனவரி 1 முதல் தெலங்கானா ஹைக்கோர்ட்டின் இருப்பிடமாயிற்று. இன்றும் தண்டனை பெற்றவனுடைய அப்பீல் முன்போலவே நடக்கிறது: தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்று, காரணங்களை வரிசையாக எழுதி மனுத் தாக்கல் செய்கிறார்கள், தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கிறார்கள், கீழ்க்கோர்ட்டிலிருந்து கட்டுகள் வரவழைக்கப்படுகின்றன, அந்தக் கட்டுகளில் உள்ளதைக்கொண்டு தீர்ப்பை உறுதிசெய்யவோ, ரத்து செய்யவோ, மறுவிசாரணைக்கு அனுப்பவோ ஹைக்கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. எல்லாம் கட்டில் உள்ளதைப் பொறுத்தது என்பதால், கட்டில் எழுதுகிறவரின் பொறுப்பு பெரிது. கனத்த தண்டனைக்குரிய ஒவ்வொரு வழக்கிலும், எதிரிக்கு வக்கீல் இருந்தாரா, அவர் என்று அமர்த்தப்பட்டார், ஆவணங்களைப் படிக்க அவருக்கு எத்தனை நாள் கிடைத்தது, எதிரி கேட்ட சாட்சிகளில் யார் மறுக்கப்பட்டார், எதற்காக மறுக்கப்பட்டார் என்பவற்றை, எதிரி கேட்டாலும் கேளாவிட்டாலும், விசாரணை நீதிபதி தம் கைப்பட எழுதிவைக்க வேண்டும். அவ்வாறு எழுதாத இடத்தில், ஆக்ஷேபம் எழுப்பப்படவில்லை என்ற காரணத்தை, வக்கீலின்றி நின்றவனுக்கு எதிராக எந்த மேல்கோர்ட்டும் எடுத்துக்கொள்ளலாகாது. சுபேதாருக்குக் கிடைத்த பரிகாரம் அடுத்த குடியானவனுக்கும் கிடைக்கவேண்டுமானால், அதற்குக் குறைந்தபட்ச நிபந்தனை இதுவே.